திண்டிவனத்தில் தொடங்கியது, வேலூரில் கைமாறியது

வாரம் முழுக்க சென்னையில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை ராத்திரி ரயில் பிடித்து விழுப்புரம். ஞாயிறு சாயங்காலம் கல்லூரி மாணவர்களுக்கான ஜெபக்கூட்டம். பதினோரு வருஷம் இப்படித்தான் ஓடியது. அடுத்த மாதம் வேலை புனேவுக்கு மாறுகிறது. கூட்டத்தில் வளர்ந்த இரண்டு பேரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். மாணவர்கள் பெயர் எழுதிய நோட்டோடு, எதை எப்படி நடத்த வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு விதிகளும் எழுதி வைத்திருந்தேன். அந்த இருவரில் ஒருவன், "அண்ணா, ஞாயிறுக்குப் பதிலா புதன்கிழமை வைக்கலாமா?" என்று கேட்டான். சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் திண்டிவனம் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஐடா ஸ்கடர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாருக்கும் பிரசவச் சிக்கல். ஆண் மருத்துவரான ஐடாவின் அப்பாவை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மட்டுமான கிறிஸ்தவ மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

கதையை இந்த இடத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதன் பின்பாதிதான் முக்கியமாகப் பட்டது.

1930களின் கடைசியில், மூன்றெழுத்து எல்.எம்.பி. படிப்பு இனி செல்லாது, பட்டப்படிப்புக்கு உயர்த்த வேண்டும் என்று மதராஸ் அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்குப் பெரிய மருத்துவமனை, கூடுதல் பேராசிரியர்கள், நிறையப் பணம் எல்லாம் வேண்டும். ஐடாவுக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. 1941-ல் நிதி திரட்ட அமெரிக்கா போனார். ஆண்களையும் பெண்களையும் சேர்த்துப் படிக்க வைக்கும் பொதுக் கல்லூரியாக மாற்றினால்தான் பல மிஷன்கள் கைகொடுக்கும் என்ற நிலை.

அவருடைய நெடுநாள் ஆதரவாளர் லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகப் பெண்களிடம் திரட்டிய பணத்தை எப்படிப் பொதுக் கல்லூரிக்குக் கொடுப்பது என்பது அவர் கேள்வி. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. திண்டிவனத்தில் அந்த இரவு இல்லாமல் போனது பெண் மருத்துவர்தானே? ஆனாலும் ஐடா மாற்றத்தின் பக்கம் நின்றார். பழைய நட்பு முறிந்தது. 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சில காலம் பொறுப்பில் இருந்தார். 1948-ல் கல்லூரி ஹில்டா லாசரஸ் கைக்கு வந்தது. இந்தியர் ஒருவர் அதை நடத்துவது அதுதான் முதல் முறை. விசாகப்பட்டினத்தில் அவர் பிறந்ததும் 1890-ல்தான், ஐடா திண்டிவனம் வந்த அதே வருஷம். ஐடா 1960-ல் இறக்கும்போது, கல்லூரி அவர் தொடங்கிய வடிவில் இல்லை. ஆனால் இருந்தது.

ஒப்படைப்பு என்றால் ஆளை மாற்றுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வருகிறவர் அதை வேறு மாதிரி ஆக்குவதற்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோய் தீர்க்கும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக ஐடா தன் கல்லூரியின் அடையாளத்தையே விட்டுக்கொடுத்தார். நான் ஒரு கிழமைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு நோட்டைக் கொடுத்தேன். விதிகள் எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டேன். மாணவர்கள் என்னை நம்பிச் சொன்ன சொந்த விஷயங்கள் இருந்த பக்கங்களையும் எடுத்துவிட்டேன். அதை அடுத்தவரிடம் சொல்வதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

"புதன்கிழமையே வைப்பா," என்று அவனிடம் சொன்னேன். "நீங்க வருவீங்களா அண்ணா?" என்றான்.

கூப்பிட்டால் வருவேன், பின்வரிசையில் உட்காருவேன் என்றேன்.