சர்க்கரை நோயாளிக்கு காது வலி வந்தால் ஏன் காத்திருக்கக் கூடாது?

இரவில் தூங்க விடாத காது வலி. சொட்டு மருந்து விட்டும் குறையவில்லை. வயது அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் இருக்கிறது என்றால், 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று விடக் கூடாது.

வெளிக்காதில் தொடங்கும் தொற்று, இவர்களுக்கு எலும்புக்குள் இறங்கி மண்டையோட்டின் அடிப்பகுதி வரை பரவலாம். பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மருத்துவத்தில் இதை 'மாலிக்னன்ட் ஓட்டைட்டிஸ் எக்ஸ்டெர்னா' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது புற்றுநோய் இல்லை. ஆனால் முகம் ஒரு பக்கம் கோணினால், தொற்று முக நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பல வாரங்கள் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு தீவிரம்? ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராடும் திறன் குறைகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களும் பழுதாவதால் மருந்து போய்ச் சேருவதும் சிரமம். பட்ஸ் போட்டுக் குடைவது, தண்ணீர் பீய்ச்சி அழுக்கெடுப்பது இரண்டுமே இவர்களுக்கு ஆபத்து.

மூக்கில் இதைவிட வேகமானது கருப்பு பூஞ்சை. 2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது நாடு முழுக்கப் பார்த்தோமே, அதில் பெரும்பாலானவர்கள் சர்க்கரை நோயாளிகள். பலர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஒரு பக்க மூக்கடைப்பு, கருப்பாகச் சளி, கன்னம் மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

வாயில் வெள்ளைப் படலம், வறட்சி ஆகியவை அவ்வளவு அவசரமல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.