மெஷினைத் திட்ட முதல்

மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கட பழைய லேப்டொப்பில் மூளை ஸ்கேன்களை ஆராயவிட்டால் விடிஞ்சாலும் முடியாது. புதுசு வாங்கக் காசில்லை.

ஆனா இந்தத் தாமதம் புதுசில்லை. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஆரம்ப சிடி சோதனையில், ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள். அந்த 28,000 அளவீடுகளைக் கணக்கிடக் கணினிக்கு இரண்டரை மணிநேரம்.

மதராஸ் பல்கலைக்கழகத்தில் புரதங்களை ஆராய்ந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். 1971இல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் கணினியைப் பெரிதாக்கச் சொல்லவில்லை, கணக்கை மாற்றினார்கள். ஃபூரியர் மாற்றம் வேண்டாம். பல கோணங்களில் எடுத்த நிழல்களை வடிகட்டி, வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் வரும், நேரமும் மிச்சம். அந்த வடிகட்டிக்கு இன்றும் 'ராம்-லக்' என்றுதான் பேர்.

நாங்களும் பார்த்தோம்: நினைவகம் நிரம்பி, தரவு டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் இடையில் அலைந்துகொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஓராளின் ஸ்கேன் மட்டும் என்று மாற்றினோம். விடிய முதலே முடிஞ்சிட்டுது.