இருந்தவரும் விலகியவரும்

எம்.எஸ். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். கோ. நம்மாழ்வார் 1938இல், அதே தஞ்சைச் சீமையில், இளங்காட்டில். இருவரும் வேளாண்மை படித்து அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்தவர், அதை எதிர்த்தவர் என்று இவர்களை எதிரெதிரே நிறுத்தியே நமக்குப் பழக்கம். ஆனால் வேலையைத் தேர்ந்த விதத்தில் இருவருக்கும் ஒற்றுமையும் உண்டு.

சுவாமிநாதனின் தந்தை அறுவை மருத்துவர். மகனும் டாக்டராக வேண்டும் என்றே வீட்டார் நினைத்தார்கள். 1943 வங்கப் பஞ்சம் அவரைக் கோவை வேளாண் கல்லூரிக்குத் திருப்பியது. பிறகு ஐ.பி.எஸ். கிடைத்தும் போகாமல், நெதர்லாந்தில் மரபியல் படிக்கச் சென்றார். அமெரிக்காவில் பேராசிரியர் வேலை தேடி வந்தது. அதையும் மறுத்து 1954இல் நாடு திரும்பினார். ஊருக்கெல்லாம் சோறு வேண்டும் என்பதே அவர் கணக்கு.

நம்மாழ்வார் 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அது மானாவாரிக் கரிசல் பூமி. அரசாங்கக் காசில் உரம் போட்டு எடுக்கும் மகசூல், மழையை நம்பி விதைக்கும் சம்சாரிக்குக் கட்டுப்படியாகுமா? நிலையத்துக்குள் இந்தக் கேள்விக்கு இடமில்லை. 1969இல் வேலையை விட்டார். பிறகு களக்காட்டுப் பக்கம் கிராம வேலை, 2009இல் கரூர் மாவட்டத்தில் வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணை.

இருவருக்கும் உழவு மேல்தான் பற்று. ஆனால் ஒருவர் நாட்டின் களஞ்சியத்தைப் பார்த்தார், மற்றவர் சம்சாரியின் கைச்செலவைப் பார்த்தார். ‘சேவை செய்யணும்’ என்று பொதுவாக நினைத்திருந்தால் இருவருமே எந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கு, எது குறைகிறது என்று குறிப்பாகக் கேட்டதால்தான் எதை மறுப்பது என்பது தெரிந்தது.

விலகியவரின் கதைக்கே நம்மிடம் கைதட்டல் அதிகம். ஓய்வூதியமுள்ள வேலையை உதறிய துணிச்சல் பெரிதுதான். ஆனால் 1968 ஜனவரியில், கோதுமைப் புரட்சி உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காமல் சுரண்டும் சாகுபடி நாசத்தில் முடியும் என்று எச்சரித்தவர் சுவாமிநாதன். அப்போது அவர் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். உள்ளே இருந்துகொண்டே அதைச் சொல்வதும் எளிதல்ல.

வேளாண்மையில் யார் வழி சரி என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. வேலை விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை: இருந்தவரும் சரி, விலகியவரும் சரி.