நீரிழிவும் காற்புண்ணும்

நோய்களுள் வலியோடு வருவன சில. வலியின்றி வருவன சில. முன்னது பகைவனைப்போல் வாயிலில் நின்று கூவும். பின்னதோ கள்வனைப்போல் இருளிற் புகுந்து கைப்பொருளைக் கவரும். நீரிழிவுடையார் பாதத்திற் தோன்றும் புண் பின்னதன் பாற்பட்டது. அப்புண்ணை மாந்தர் அறிந்துகொண்ட வரலாற்றையும், அதன்கண் தமிழர்க்குள்ள தொடர்பையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நீரிழிவை நம் முன்னோர் அறியாதாரல்லர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டை வைத்திய நூலார் கண்டுரைத்தனர். அந்நோயினர்க்குக் கட்டிகள் தோன்றுதலையும் சுசுருதர் நூல் கூறும். ஆயினும் காற்புண் ஆறாமைக்குக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1884-ல் லண்டன் அறுவை வைத்தியர் பிரெடெரிக் டிரீவ்ஸ், புண்ணைச் சூழ்ந்து தடித்த தோலைச் சீவி நீக்கிக் காலுக்கு ஓய்வளிப்பின் அது ஆறும் எனக் காட்டினார். 1887-ல் நாட்டிங்காம் நகரத்து டேவிஸ் பிரைஸ் அத்தகைய புண்ணை நீரிழிவோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1921-ல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதன்முன் விரைவில் மாண்டவர் பின்னர்ப் பல்லாண்டு வாழலாயினர். வாழ்நாள் நீளவே, மிகுந்த சர்க்கரையால் நரம்பும் குருதிக்குழாயும் பழுதுறுதலும் பெருகிற்று.

சிங்கையின் கதையோ வேறு. 1844-ல் பேர்ல்ஸ் குன்றிற் கால்கொண்ட டான் டோக் செங் மருத்துவமனை, பின்னர்ச் சிராங்கூன் சாலைப் பக்கம் பெயர்ந்து, 1909-ல் மோல்மீன் சாலையை அடைந்தது. அக்காலத்து அதனை நாடிவந்த ஏழைகளுள் ஆறாத காற்புண்ணுடையார் மலிந்திருந்தனர். சிராங்கூன் சாலையைச் சூழ்ந்த பகுதியையே, செங்கற் சூளையிலும் சுண்ணாம்புக் காளவாயிலும் உழைத்த நம்மவர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என அழைத்தனர். அந்நாளைய புண் பெரும்பாலும் பசியின் புண். இந்நாளைய புண்ணோ நீரிழிவின் புண்.

இப்புண்ணின் மறைபொருளை வெளிப்படுத்திய பெருமையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1914-ல் கொல்லிமலையிற் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர், 1946-ல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிய வந்தார். தொழுநோயாளரின் விரலும் பாதமும் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அந்நாளைய நம்பிக்கை. அஃது அன்று, நரம்பு உணர்விழந்தமையால், கல் குத்தினும் தீச் சுடினும் அறியாது நடந்து நடந்தே பாதம் கெடுகின்றது என அவர் தெளிந்தார். ஆகவே பாதத்தின் சுமையைப் பரப்பும் மாவுக்கட்டும், மெத்தென்ற ரப்பர் அடியிட்ட செருப்பும் மருந்தாயின. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றவர், நீரிழிவுடையாரின் பாதமும் அதே காரணத்தால் கெடுதலைக் கண்டு, அதே முறையைக் கைக்கொண்டார். ஊராரால் ஒதுக்கப்பட்ட வேலூர் ஏழைகளின் காலிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால்வெட்டிய ரப்பரே பாதத்துக்குக் காப்பாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது.

இனி நம் நிலைமையை நோக்குவோம். 2010-ல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கின்படி, சிங்கையில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 11.3 பேர் நீரிழிவுடையர். இந்தியருள் மட்டும் 17.2 பேர். 2016-ல் அரசாங்கம் நீரிழிவின்மேற் போர் தொடுத்தது. அவ்வாண்டுகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 பேர் நீரிழிவால் கால்விரலோ பாதமோ காலோ இழந்து வந்தனர். கால் போயின் உழைப்பாளியின் கூலி போம். கூலி போயின் குடும்பம் தள்ளாடும். இதனை விதி என்பார் உளர். உணர்விழந்த பாதத்தில் ஒரு சிறு கல் செய்த தீங்குக்கு முற்பிறப்பை வினவுவானேன்? செருப்பினுள் நோக்கினாற் போதாதோ?

செயற்பாலன எளியன. இரவுதோறும் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். அடிப்புறம் தெரியாதாயின் கண்ணாடி வைத்தேனும், வீட்டாரைக் கொண்டேனும் பார்த்தல் வேண்டும். வெறுங்காலோடு, சிறப்பாக வெயிற் காய்ந்த கல்லின்மீது, நடத்தலாகாது. காய்ப்பைப் பிளேடாற் சீவலாகாது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒற்றடம் ஆகாது. புண்ணோ நிறமாற்றமோ கண்டவுடன், வலியில்லை என்று வாளாவிராது, வைத்தியரிடம் ஏகுதல் வேண்டும். அவர் அழுகிய தசையை நீக்குவார், சீழுக்கு மருந்தளிப்பார், சுமையை அகற்றுவார், குருதியோட்டம் குன்றியிருப்பின் அதனைச் சீர்செய்யவும் இன்று வழியுண்டு.

வலி இல்லாமை நலத்தின் அடையாளமன்று. நீரிழிவுடையார்க்கு அதுவே முதல் எச்சரிக்கை. கால் தராத அறிவிப்பைக் கண் தரட்டும்.