மன்னிப்பு உளவியல்

தமக்குத் தீங்கிழைத்தவர்மீது கொண்ட கோபமும் பழியுணர்வும் ஒருவரிடம் எப்படித் தணிகின்றன, தணிந்தால் உடலிலும் மனத்திலும் என்ன மாறுகிறது என்பதை ஆராயும் துறை மன்னிப்பு உளவியல். சமயங்களுக்கு உரிய பொருள் என்று ஒதுக்கிவிட்டதாலோ என்னவோ, உளவியலாளர்கள் 1980கள் வரை இதைப் பெரும்பாலும் தொடவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் என்ரைட் 1985இல் தொடங்கிய ஆய்வுகள் துறைக்கு அடித்தளமிட்டன. 1998இல் டெம்பிள்டன் அறக்கட்டளை பெரிய அளவில் நிதி திரட்டித் தந்த பிறகு ஆய்வுகள் பெருகின. அறிவியலும் ஆன்மிகமும் கைகோக்க வேண்டும் என்று விரும்பும் அறக்கட்டளை அது. முடிவுகளைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைப்பது நல்லது.

மன்னிப்பது வேறு, மறப்பது வேறு, நடந்தது சரிதான் என்று ஏற்பது வேறு, மறுபடி உறவாடுவது வேறு என்பதில் ஆய்வாளர்களிடையே பெருமளவு உடன்பாடு உண்டு. அடித்த கணவனை மனத்தளவில் மன்னித்த பெண் அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. போலீசில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கவும் தேவையில்லை. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் எவரெட் வொர்திங்டன் இதில் இன்னொரு பிரிவையும் காட்டினார். பழிவாங்குவதில்லை என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே கனல்வது அடங்குவது மற்றொன்று. முன்னது ஒரே நாளில் நடக்கலாம். பின்னது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வொர்திங்டனுக்கு இது ஏட்டளவில் நிற்கவில்லை. 1996 புத்தாண்டையொட்டி, திருட வந்தவர் கையால் அவருடைய தாய் வீட்டிலேயே கொலையுண்டார். அதிலிருந்து மீளாத தம்பி 2005இல் தற்கொலை செய்துகொண்டார். தம்பிக்கு உதவத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்வு வொர்திங்டனை, தன்னைத் தானே மன்னித்தல் என்ற கேள்விக்குக் கொண்டுபோனது. அவர் வகுத்த பயிற்சியில் ஐந்து படிகள்: காயத்தை நினைவுகூர்வது, தீங்கிழைத்தவரின் நிலையை உணர முயல்வது, மன்னிப்பைக் கொடையாகக் கொடுப்பது, கொடுத்ததை உறுதிசெய்வது, சந்தேகம் எழும்போதும் மன்னிப்பைக் கைவிடாதிருப்பது. கொலம்பியா, உக்ரைன், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஐந்து இடங்களில் 4,598 பேரிடம் இதன் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களிடம் மன்னிக்கும் மனநிலை கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன என்று 2024இல் வெளியான அறிக்கை சொல்கிறது.

உடல்நலம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது சார்லட் விட்வ்லீட் குழுவினர் 2001இல் வெளியிட்ட சோதனை. மிச்சிகனில் ஹோப் கல்லூரி மாணவர்கள் 71 பேர், தங்களைப் புண்படுத்திய ஒருவரைச் சில நொடிகள் மனத்தில் கொண்டுவந்தார்கள். ஒருமுறை வன்மத்தோடு, இன்னொருமுறை மன்னிக்கும் எண்ணத்தோடு. வன்மத்தோடு நினைத்தபோது புருவத்தசை இறுகியது, தோலில் வியர்வை கூடியது, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. நினைப்பை விட்ட பிறகும் அந்த ஏற்றம் உடனே இறங்கவில்லை. ஆனால் இது சில நொடிகளின் கதை. அதை வைத்து, மன்னித்தால் மாரடைப்பு வராது என்று சொல்வது பெரிய தாவல். வார இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்கள் அந்தத் தாவலைத் தயங்காமல் செய்கின்றன.

குடிநோயிலிருந்து மீள்வதில் மன்னிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1935இல் ஒஹாயோவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் அடிப்படை நூல் 1939இல் வந்தது. அது மனக்கசப்பைத்தான் முதல் எதிரியாக வைக்கிறது. அதன் பன்னிரு படிகளில் நான்காவதில் குடிநோயாளி தாளில் பத்தி பிரித்து எழுதுகிறார்: யார்மீது கசப்பு, எதனால், அது தன்னில் எதைத் தொட்டது. எழுதி முடித்த பிறகு, தன் பங்குத் தவறு எது என்றும் தேட வேண்டும். எட்டாம் படியில், தான் புண்படுத்தியவர்களின் பட்டியல். ஒன்பதாம் படியில் அவர்களை நேரில் கண்டு ஈடுசெய்ய வேண்டும். அப்படிப் போவது அவர்களுக்கே தீங்காகும் என்றால் போகக் கூடாது.

ஆய்வுகள் இந்த அனுபவ அறிவைத் துண்டுதுண்டாகத்தான் உறுதிசெய்திருக்கின்றன. 2004இல் என்ரைட் குழுவினர், சிகிச்சை மையத்தில் தங்கியிருந்த 14 பேருக்கு மன்னிப்புச் சிகிச்சையையோ வழக்கமான ஆலோசனையையோ 12 அமர்வுகள் அளித்தனர். மன்னிப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் கோபமும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தன. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு வருபவர்களுக்குப் பிறரை மன்னிப்பதைவிடத் தம்மை மன்னிப்பதே கடினமாக இருக்கிறது என்று ஜான் வெப் குழுவினர் 2006இல் கண்டனர்.

தன்னை மன்னிப்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. படிப்பைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்த மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று மைக்கேல் வோல் குழுவினர் 2010இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே வோலின் இன்னோர் ஆய்வு புகைப்பவர்களிடம் நேர்மாறானதைக் கண்டது: தங்களை எளிதில் மன்னித்தவர்கள் பழக்கத்தை விடுவதில் பின்தங்கினார்கள். பிறரை மன்னிப்பதிலும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. புதுமணத் தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஜேம்ஸ் மெக்நல்டி, எளிதில் மன்னிக்கும் துணையிடம் மற்றவரின் வன்சொல்லும் அடியும் தொடர்ந்தன, மன்னிக்கத் தயங்கியவரிடம் குறைந்தன என்று 2011இல் எழுதினார்.

மன்னிப்பிலும் குடிநோய்ச் சிகிச்சையிலும் ஆன்மிகத்தின் தனிப்பங்கைப் பிரித்து அளப்பது இன்னும் சிக்கல். மார்க் ரையும் கென்னத் பார்கமென்டும் 2002இல், காதல் உறவில் காயப்பட்ட கல்லூரிப் பெண்களுக்குச் சமயம் கலந்த பயிற்சி ஒன்றும் கலவாத பயிற்சி ஒன்றும் நடத்தினர். இரண்டும் ஒரே அளவு பயன் தந்தன. சமயம் கலவாத குழுவிலும் பலர் தாமாகவே பிரார்த்தித்திருந்தார்கள். குடிநோயிலும் போதைநோயிலும் சிக்கியவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டல் தந்து வில்லியம் மில்லர் குழுவினர் 2008இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளில் போதைப்பழக்கம் கூடுதலாகக் குறையவில்லை. ஆன்மிகம் உதவும் என்று நம்பியவர்களே இந்த முடிவை ஒளிக்காமல் அச்சிட்டது பாராட்டத்தக்கது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரு படி முறையே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஜான் கெல்லி குழுவினர் 2020இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் குடியை முற்றிலும் விட்டிருந்தவர்கள் இம்முறையில் 42 சதவீதம், பிற சிகிச்சைகளில் 35 சதவீதம். கெல்லியின் மற்ற ஆய்வுகளில் தெரிந்த காரணம் எளிமையானது: பழைய குடிக்கூட்டாளிகள் விலகுகிறார்கள், குடிக்காதவர்கள் நட்பாகிறார்கள். ஆன்மிக வளர்ச்சியின் பங்கு நோய் முற்றியவர்களிடமே கூடுதலாகத் தென்பட்டது.