மண்பாண்டச் சூளை (சேலம், நாமக்கல்)

சேலம், நாமக்கல் சமவெளியின் மண்பாண்டச் சூளை பெரும்பாலும் நிலையான கட்டடம் அன்று. பச்சைப் பானைகளையும் எரிபொருளையும் மாற்றி மாற்றி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகி எழுப்புவார்கள். சுட்டு ஆறியதும் பிரித்துவிடுவார்கள்.

மண்ணைச் சுடும் தொழில் இப்பகுதியில் இரும்புக் காலத்திலேயே தேர்ச்சி பெற்றிருந்தது. அக்காலத்தின் பழமைக்குச் சான்றாக, மேட்டூர்ப் பக்கம் தெலுங்கனூர், மாங்காடு ஆகிய ஊர்களில் கிடைத்த இரும்பு வாள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை எனக் காலக்கணிப்பு காட்டுகிறது. தமிழகத்தின் இரும்புக் கால ஈமச் சின்னங்களில் பரவலாகக் கிடைப்பது கருப்பு-சிவப்புப் பானை. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கருத்தது, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது என்பது வழக்கமான விளக்கம். இருமுறை சுட்டிருக்கலாம் என்போரும் உண்டு. அண்டையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இவ்வகைப் பானைகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. புறநானூற்றின் 228ஆம் பாட்டு, இறந்த சோழ மன்னன் கிள்ளிவளவனின் ஈமத்தாழிக்காகக் குயவரை விளிக்கும்போது, இருளெனத் திரளும் சூளைப் புகையைக் குறிப்பிடுகிறது.

சேலத்துக் களிமண் கண்ட மிகுந்த வெப்பம் பானைச் சூளையுடையது அன்று, எஃகு உலையுடையது. உமி கலந்து பிசைந்த மண்ணில் குகை எனப்படும் சிறு கலங்களைச் செய்து, இரும்புத் துண்டும் ஆவாரங் கட்டையும் இட்டு, பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட குகைகளை வளைவாக அடுக்கிக் கரித்தீயில் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதியதை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் பதிவு செய்தார். 1,300 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெப்பம் அது. ஆகவே ஊர்ப் பானை 700, 800 டிகிரி அளவிலேயே நின்றதைத் திறமைக் குறைவாகக் கொள்வது பொருந்தாது. தண்ணீர்ப் பானைக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. குறைந்த சூட்டில் வெந்த மண்ணின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது. விறகும் மிச்சம்.

சூளை வைக்கும் நாளில் பானைகளை மறுபடி வெயிலில் காயவைப்பதுண்டு. ஈரம் தங்கிய பானை தீ ஏறியதும் ஆவி முட்டி வெடிக்கும். வெடித்த சில்லு பக்கத்துப் பானையையும் உடைக்கும். முதலில் எழுவது நீராவி கலந்த வெண்புகை. அது அடங்கும்வரை தீயை மெல்லத்தான் கூட்டவேண்டும். சுமார் 500 டிகிரியில் களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்த நீரும் வெளியேறியபின் மண் மறுபடி கரையாது. மேற்பூச்சில் விட்ட துளைகளைத் திறந்தும் அடைத்தும் காற்றை நெறிப்படுத்துவார்கள். காற்றுக் குறைந்த மூலையிலிருந்த பானை கருத்து வரும். பிரிக்கும்போது விரலால் தட்டினால் வெந்தது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விழுந்தது மொத்தென்று காட்டிக்கொடுத்துவிடும்.

எரிபொருள் காலத்தோடு மாறியது. வரட்டி, சுள்ளி, தென்னை மட்டை ஆகியவற்றோடு 20ஆம் நூற்றாண்டில் சீமைக்கருவேலும் சேர்ந்தது. அலுமினியமும் எவர்சில்வரும் சமையலறையைப் பிடித்தபின், மாரியம்மன் நோன்பின் பூவோடு (தீச்சட்டி), நேர்த்திக்கடன் உருவாரம் (மண்ணுரு), பொங்கல் பானை, கார்த்திகை அகல் என விழாக்களையே சூளை நம்பியிருக்கிறது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018இல் தொடங்கிய திட்டத்தில் மின்சக்கரங்கள் வழங்கப்படுகின்றன. சக்கரம் மாறிய வேகத்தில் சூளை மாறவில்லை. பானை செய்ய ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அனுமதி தரும் அதிகாரம் 2024இல் வட்டாட்சியர்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அகலுக்குத் தேவை கூடும் ஐப்பசி, கார்த்திகைதான் வடகிழக்குப் பருவமழையின் உச்சமும். சூளை வைக்க முடியாத அந்த மாதங்களுக்கென மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் வழங்கிவருகிறது.