நிழல் விழாத ஊர்வலம்

பிள்ளையார்பாளையத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் நடந்துபோகிற தூரம்தான். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபம். அதன் விதானத்தில் பிற்காலத்தில் தீட்டப்பட்ட தீர்த்தங்கரர் கதைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஊர்வலமாக மனிதர்கள் நடக்கிறார்கள்; ஒருவருக்கும் நிழல் இல்லை. காலையா மாலையா, வெயில் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய நிலக்காட்சியின் சட்டகத்தோடு போகிறவருக்கு இது குறை. அஜந்தாவுக்குப் பிந்தைய 'வீழ்ச்சி' என்று எழுதிவிடலாம்.

கூட வந்த நெசவாள நண்பர் அண்ணாந்து பார்த்தார். 'நெழலு எதுக்கு? அவங்க கட்டியிருக்கற துணியெல்லாம் தெரியுதே' என்றார்.

தெரிகிறதுதான். ஒளி எங்கிருந்தோ வந்து உடல்மேல் விழவில்லை; ஆடையின் கோட்டிலும் கட்டத்திலுமே இருக்கிறது. மனநிலையையும் முகத்தில் தேடக் கூடாதுபோல. வரிசை நெருங்கி நடக்கிற நடையில்தான் அந்தக் குதூகலம். எம்.ஏ. தேர்வில் 'வீழ்ச்சி' என்று எழுதி நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.